மலை ஒரு பக்கம், அலை மறுபக்கம்

தம்பானூரில் தொடங்கி குளச்சலில் முடிகிற கரையோரப் பயணத்தில் ஆயிரத்து இருநூறு வருட சரித்திரம் இருக்கிறது. ஆனால் கரைதான் கரைந்துகொண்டிருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு தம்பானூர் என்பது இறங்கி ஏறுகிற இடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் 1931-ல் வந்த கல் கட்டட ரயில் நிலையம், எதிரே பஸ் நிலையம், சுற்றிலும் லாட்ஜுகள். காலையில் பத்மநாப சுவாமி தரிசனம், மாலையில் கோவளம், மறுநாள் கன்னியாகுமரி சூரிய உதயம் என்று இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் இருக்கும் 80 சொச்சம் கி.மீ. கரை பஸ் ஜன்னலில் தென்னந்தோப்பாக ஓடி மறைந்துவிடுகிறது.

அந்த 80 கி.மீ.யில்தான் விஷயமே இருக்கிறது. கோவளம் பாறையிலிருந்து முட்டம் பாறை வரை கரை தென்கிழக்காக இறங்கிச் செல்கிறது. வடக்கே அகத்திய மலை 1,868 மீ. உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, வேளிமலை என்ற பெயரில் கடலுக்கு வெகு அருகில் வந்து எட்டிப் பார்க்கிறது. முழு வளைகுடா என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் முட்டத்தில் நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு முன்னால் கடலும் பின்னால் மலைச் சுவரும் தெரியும். நடுவில் இருக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஆய் மன்னர்கள், பாண்டியர், சோழர், வேணாட்டு அரசர்கள், டச்சுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான்: கப்பல் ஒதுங்க ஓர் இடம்.

பயணத்தைத் தொடங்க பஸ் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை. தம்பானூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வலியசாலை. தமிழ் அக்ரகாரமும், காந்தளூர் மகாதேவர் கோயிலும் உள்ள அமைதியான தெரு. பள்ளிக்கூடத்தில் சோழர் வரலாறு படித்த எவரும் ராஜராஜனின் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’யை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காந்தளூர் இதுதான் என்பது ஆய்வாளர்களில் ஒரு சாராரின் கருத்து. விழிஞத்துக்குப் பக்கம் என்பவர்களும் உண்டு. ‘கலம்’ என்றால் கப்பலா, சாப்பிடும் பாத்திரமா என்பதில் இன்னொரு சண்டை. கப்பல் என்றால் சோழன் துறைமுகத்தை அழித்தான். பாத்திரம் என்றால் கல்விச் சாலையில் சோறு போடுவதை நிறுத்தினான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலை என்றால் கல்விக்கூடம் என்பதற்கு ஆதாரம் தெற்கே இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை நிறுவினான்; காந்தளூரின் முறைப்படியே அது நடக்க வேண்டும் என்று அவனது செப்பேடு கூறுகிறது. இன்று பார்த்திவபுரம் என்று அழைக்கப்படும் அந்த ஊர், கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகில் உள்ளது. கோயில் இருக்கிறது. சாலை இல்லை.

விழிஞம், கோவளம் பஸ்கள் தம்பானூரிலிருந்து சுமார் ஒரு கி.மீ. தள்ளி கிழக்கே கோட்டையிலிருந்து புறப்படுகின்றன. பயணிகளில் பெரும்பாலோர் கோவளத்தில் இறங்கிவிடுவார்கள். 1972-ல் கட்டிய சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் வரை நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த விளக்கத்தின் பெயர் விழிஞம் கலங்கரை விளக்கம் என்பதும், அதன் மறுபக்கம்தான் விழிஞம் என்பதும் பலருக்குத் தெரியாது.

இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே ஒதுங்கிய சிறிய குடா விழிஞம். ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் சிந்து யாத்திரை மாதா தேவாலயம், நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வள்ளங்கள். கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று சோழர்களின் திருவாலங்காட்டுச் செப்பேடு இதை வர்ணிக்கிறது. ஆய் அரசின் தலைநகராகவும் துறைமுகமாகவும் இருந்த ஊர். பாண்டியன் நெடுஞ்சடையன் படையெடுத்து வந்தான், பிறகு ராஜராஜன் வந்தான். சண்டை போட்டு வாங்கும் அளவுக்கு மதிப்பு இருந்த ஊர் என்று அர்த்தம்.

அந்தக் காலத்தின் மிச்சம் ஒரு குடைவரைக் கோயில். மாமல்லபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் நிற்கும் ஒற்றைப் பாறை. குடைந்த சிறு அறை. வாசலின் இரு பக்கமும் சிவனின் உருவங்கள். ஒரு பக்கம் வில்லேந்திய கோலம், மறுபக்கம் உமையுடன் ஆடும் கோலம். இரண்டும் முழுமை பெறவில்லை. 8-ம் நூற்றாண்டு என்று மதிப்பிடப்படும் இந்தச் சிற்பங்களைச் சிற்பி ஏன் பாதியில் விட்டுப் போனான் என்பதற்குப் பதில் இல்லை. படையெடுப்பாக இருக்கலாம், பணத் தட்டுப்பாடாகவும் இருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒரு சிறு தோட்டத்துக்குள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் நல்லது.

குடைவரையிலிருந்து தெற்கே பார்த்தால் வேறு உலகம். தென்னை உயரத்தைத் தாண்டி வானத்தில் நிற்கும் ராட்சத கிரேன்கள். கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே சுமார் 20 மீ. ஆழம், சர்வதேசக் கப்பல் பாதையோ சுமார் 10 கடல் மைல் தூரத்தில். சோழனைக் கவர்ந்த அதே பூகோளம்தான் இன்றும் கவர்கிறது. திருவாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்திலேயே பேசப்பட்ட துறைமுகத் திட்டத்துக்கு 2015-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதானி குழுமம் கட்டியது. சுமார் ரூ. 8,900 கோடி, கடலுக்குள் ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்கு அலைத் தடுப்புச் சுவர். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் மோடி முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒரு மாதம் கழித்து, சுமார் 400 மீ. நீளமுள்ள, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று இங்கே வந்து நின்றது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி ஏற்றி வந்த இந்தியச் சரக்குகளை இனி இங்கேயே கையாளலாம் என்பது திட்டத்தின் கணக்கு.

மீனவர்களின் கணக்கு வேறு. 2022 ஆகஸ்ட் மத்தியில் லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையில் அவர்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். கடல் தங்கள் வீடுகளைத் தின்கிறது, வீடிழந்தவர்கள் வலியதுறையில் சிமெண்ட் கிடங்கில் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள், கட்டுமானத்தை நிறுத்தி ஆய்வு நடத்துங்கள் என்பது கோரிக்கை. நவம்பரில் அது வன்முறையாக வெடித்து விழிஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. டிசம்பர் 6-ல் போராட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு வேலை தொடர்ந்தது.

கடல் அரிப்புக்குத் துறைமுகம்தான் காரணமா? சங்குமுகம், வலியதுறை பக்கம் அரிப்பு முன்பே இருந்தது என்கிறது அரசுத் தரப்பு. சுவர் எழுந்த பிறகு அது வேகம் பிடித்தது என்கிறார்கள் மீனவர்கள். இதன் அடிப்படை எளிமையானது. அலைகள் கரையை நேராகத் தொடுவதில்லை, சாய்வாகத் தொடுகின்றன. அதனால் மணல் கரையோரமாக நடந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு திசை, மற்ற மாதங்களில் வேறு திசை. கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு சுவர் நீட்டினால் மணல் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். எத்தனை தூரத்துக்கு என்பதில்தான் நிபுணர்கள் வேறுபடுகிறார்கள்.

இந்த மீனவர்கள்தான் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டவர்கள். அதற்கு எட்டு மாதங்கள் முன்பு, 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயலில் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தவர்களும் இவர்களே. பூந்துறை, விழிஞம் என்று தொடங்கிய அந்தச் சாவுப் பட்டியல் எல்லையைத் தாண்டி தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை நீண்டது.

எல்லை என்ற ஒன்று இருப்பதே கரையோரமாகப் போகிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. விழிஞத்துக்குத் தெற்கே பூவாறு. நெய்யாறு கடலில் கலக்கும் இடத்தில் ஆறு, கழி, மணல் திட்டு, கடல் என்று நான்கும் அடுத்தடுத்து. அதற்கும் தெற்கே பொழியூர். அதை ஒட்டியே நீரோடி. பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு. இந்தக் கோடு பிறந்தது 1956 நவம்பர் 1-ல். தமிழர் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது, விழிஞத்தோடு சேர்த்து.

கோடு போட்டவர்கள் மணலைக் கேட்கவில்லை. நீரோடிப் பக்கம் தமிழக அரசு தூண்டில் வளைவுக் கற்சுவர்கள் கட்டியதால் தங்கள் வீடுகள் போகின்றன என்பது பொழியூர்க்காரர்களின் புகார். விழிஞத்தின் சுவர் தங்களை என்ன செய்யுமோ என்பது இந்தப் பக்கத்தின் பயம். தேங்காப்பட்டணத்தில், குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் கட்டிய மீன்பிடித் துறைமுகத்தின் வாயில் மணல் மேடிட்டு, படகு கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ எழுதிய தோப்பில் முகமது மீரானின் ஊர் அது. ‘சாய்வு நாற்காலி’க்காக 1997-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அவர் 2019-ல் மறைந்தார். அவரைப் படித்துவிட்டு அந்த ஊருக்குப் போகிறவர்கள் பழைய பள்ளிவாசலையும் தென்னந்தோப்பையும் இன்றும் பார்க்கலாம்.

குளச்சலில் கடற்கரைக்கு அருகே ஒரு வெற்றித் தூண். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் திருவாங்கூர் படை டச்சுக்காரர்களை இங்கே தோற்கடித்தது. மிளகு வியாபாரத்தில் ஏகபோகம் கொண்டாடிய கம்பெனி, அதற்குப் பிறகு மலபார் கரையில் தலை நிமிரவில்லை. 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு அது ஒடுங்கியது. ஆசியாவில் ஐரோப்பியர் கண்ட முதல் தோல்வி என்று மேடைகளில் முழங்குவது மட்டும் மிகை. அதே டச்சுக்காரர்களை 1662-லேயே சீனத் தளபதி கொக்ஸிங்கா தைவானிலிருந்து விரட்டியிருந்தார். அந்த அடைமொழி இல்லாமலே குளச்சல் வெற்றி பெரியதுதான். ஆட்கள் போதாதபோது மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள், தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் துப்பாக்கிப் படை என்று நினைத்து மிரண்டார்கள் என்று ஒரு வாய்மொழிக் கதை இந்தக் கரையில் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, போரில் தங்கள் பங்கை அவர்கள் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ ஆனார். நாகர்கோவில் நெடுஞ்சாலையில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத தேவாலயத்தில் அவரது கல்லறை. 1777-ல் இறந்தவருக்கு லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. திருவாங்கூர் படைத்தளபதியாக இருந்த ஓர் ஐரோப்பியருக்குத் தமிழில் எழுதினார்கள் என்பதே இந்தப் பகுதியின் அன்றைய நிலையைச் சொல்கிறது. அவர் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைதான், 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம். 2022 மே 15-ல் வாட்டிகன் அவரைப் புனிதராக அறிவித்தது.

கோட்டைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனை, வேளிமலையின் அடிவாரத்தில். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை ராஜ்ஜியம் இங்கிருந்துதான் நடந்தது. கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரை, மரச் செதுக்கல், மாடி அறையில் சுவரோவியங்கள். இருப்பது தமிழ்நாட்டில், நிர்வகிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. வருடந்தோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்பி வைக்கின்றன. சாமிகளுக்கு எல்லை ஒரு பிரச்னையாக இருந்ததில்லை.

மற்றவற்றுக்கு இருக்கிறது. விழிஞம் குடைவரை மத்திய அரசிடம், உதயகிரிக் கோட்டை தமிழக வனத்துறையின் பூங்காவாக, அரண்மனை கேரளத்திடம். ஐரோப்பாவில் மாண்டெனெக்ரோ நாட்டில் கோட்டோர் என்ற விரிகுடா இருக்கிறது. செங்குத்தான மலைகள் சூழ்ந்த கடல், கரையோரம் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள். 1979-ல் பூகம்பம் அந்த ஊர்களை நொறுக்கியது. அதே வருடம் யுனெஸ்கோ ஊர்களையும் மலையையும் தண்ணீரையும் சேர்த்து ஒரே பிரதேசமாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் வைத்தது. பழுது பார்த்து அந்த இரண்டாவது பட்டியலிலிருந்து வெளியே வர 2003 ஆயிற்று. இங்கே பூகம்பம் எதுவும் வரவில்லை. ஆனால் கோயில் தனி, கோட்டை தனி, கரை தனி என்று பார்க்கும் பழக்கத்தில், கரை யார் கணக்கிலும் வருவதில்லை.

கடல் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதை 2025 மே காட்டியது. விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற கப்பல் 25-ம் தேதி கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் சில நாட்களில் திருவனந்தபுரம் கரையில் ஒதுங்கின. அதன் பின் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும். குழந்தைகள் ஜவ்வரிசி என்று நினைத்து அள்ளக்கூடிய அளவு மணிகள். மணலிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பொறுக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழகப் பக்கத்திலும் துறைமுக ஆசை உண்டு. குளச்சல் அருகே இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இடம் கன்னியாகுமரிக்கு அருகே கோவளம் - மணக்குடிக்கு மாற்றப்பட்டது (கேரளத்தின் கோவளம் வேறு). அங்கும் எதிர்ப்பு. துறைமுகம் வரவில்லை. விழிஞத்தின் கிரேன்களைப் பார்த்து ‘நாம் கோட்டை விட்டுவிட்டோம்’ என்பவர்களும், வலியதுறைக் கிடங்கைப் பார்த்து ‘தப்பித்தோம்’ என்பவர்களும் நாகர்கோவில் டீக்கடைகளில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை இதமாக இருக்கும், மலை தெளிவாகத் தெரியும். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் விழிஞம் மீன்பிடித் துறைமுகம் களைகட்டுவது அப்போதுதான், ஒதுங்க இடம் தேடி நாட்டுப் படகுகள் அங்கே குவியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரு மாநில பஸ்களும், 1979 முதல் ரயிலும் உண்டு. ரயிலில் போனால் இரணியலில் இறங்கிக் குளச்சலுக்கோ முட்டத்துக்கோ பஸ் பிடிக்கலாம். ‘அலைகள் ஓய்வதில்லை’யும் ‘கடலோரக் கவிதைகள்’ படமும் எடுத்த முட்டம் பாறைகளுக்கு வழி கேட்கவே வேண்டாம்.

சிற்பத்தையும் கோட்டையையும் பார்த்து முடித்த பிறகு மாலையில் கரைக்குப் போவது நல்லது. வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது, நீங்கள் சிறுவனாக இருந்தபோது பந்து விளையாடிய இடம் எது என்று கேட்கலாம். விழிஞத்துக்கு வடக்கே பல ஊர்களில் அவர் கை காட்டும் திசையில் தண்ணீர் மட்டுமே இருக்கும்.